ஆறு நாளா, 1380 கோடி ஆண்டா: யூதர்கள் ஆதியாகமத்தை எப்படிப் படிக்கிறார்கள்?

செங்கதிர்:
சில வாரங்களாக எபிரேயம் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகுகிறேன், பாடமாக வைத்துக்கொண்டது பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்த கதை. முதல் நாளே வெளிச்சம் வந்துவிடுகிறது, சூரியனோ நாலாம் நாள்தான் வருகிறது. அப்படியென்றால் முதல் மூன்று நாளும் சாயங்காலம், விடியல் எல்லாம் எப்படி? யூத நாட்காட்டியும் படைப்பிலிருந்துதான் எண்ணுகிறது, 2025 செப்டம்பரில் 5786 பிறந்தது. பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வயது என்று வகுப்பெடுக்கும் யூதரின் திருமண ஒப்பந்தத்திலும் ‘உலகம் படைக்கப்பட்டு இத்தனையாவது ஆண்டு’ என்றுதான் எழுதுவார்களாம். இரண்டையும் எப்படி ஒத்துக்கொள்கிறார்கள்?

ஏட்டுச்சுவடி:
நீங்கள் தடுக்கி நின்ற இடத்தில் பழைய ரபிகளும் (யூத மத அறிஞர்கள்) நின்றிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, முதல் வசனத்தின் உரையிலேயே இது படைப்பின் வரிசையைச் சொல்ல வந்த வசனம் இல்லை என்கிறார். அவர் காட்டும் காரணம் இலக்கணம். முதல் சொல்லான ‘பெரேஷித்’ என்பது தனியாக ‘ஆதியிலே’ என்று நிற்காமல் அடுத்த சொல்லோடு சேர்ந்து ‘கடவுள் படைக்கத் தொடங்கியபோது’ என்று பொருள் தருகிறதாம். அதோடு இரண்டாம் வசனத்திலேயே தண்ணீர் இருக்கிறது, அது எப்போது படைக்கப்பட்டது என்று சொல்லவே இல்லை.

அப்புறம் யூத தத்துவ அறிஞர் மைமோனிடிஸ், 12ஆம் நூற்றாண்டு, எகிப்து. உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற அரிஸ்டாட்டிலை அவர் மறுத்தார், ஆனால் வசனம் குறுக்கே நிற்கிறது என்பதற்காக அல்ல. கடவுளுக்கு உடல் இருப்பதுபோல் பேசும் வசனங்களை உருவகமாகக் கொள்ளும் நாம் இதையும் அப்படிக் கொள்ள முடியும், அரிஸ்டாட்டிலிடம் நிரூபணம் இல்லை என்பதே அவர் சொன்ன முதல் காரணம். டார்வினுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பு!

கடலோரம்:
எல்லா யூதரும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லுபாவிச் என்ற யூத மரபுவாத இயக்கத்தின் தலைவராக (‘ரெபி’) இருந்த ஷ்னேர்சன் ஐரோப்பாவில் பொறியியல் படித்தவர், அவரே ஆறு நாளும் நேரடியான நாட்கள்தான் என்றார், புதைபடிவங்களை அப்படியே கடவுள் படைத்திருக்கலாம் என்றும் எழுதினார். பரிணாமத்தை ஏற்று எழுதிய ஸ்லிஃப்கின் என்ற ரபியின் நூல்களுக்கு 2005 வாக்கில் தீவிர மரபுவாத ரபிகள் தடை சொன்னார்கள்.

நாட்களைச் சார்பியல் கொள்கையால் நீட்டி நீட்டிக் கோடி ஆண்டுகளாக்குபவர்களும் உண்டு. எனக்கு அது ஒட்டவே இல்லை. செடி கொடி மூன்றாம் நாள், சூரியன் நாலாம் நாள், எவ்வளவு இழுத்தாலும் இந்த வரிசை நேராகாதே.

ஒற்றையடிப்பாதை:
எருசலேமில் வேலை பார்த்தபோது ஒரு யூத நிலவியலாளர் வீட்டில், அவர்களின் வாராந்திர ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன். பாறைகளின் வயதைக் கணிப்பதுதான் அவர் தொழில். கிண்ணம் தளும்பத் தளும்பத் திராட்சை ரசம் ஊற்றி, எழுந்து நின்று, ‘வானமும் பூமியும் முடிந்தன’ என்று தொடங்கும் வசனங்களை ஓதினார், கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு மேசைவிரிப்பில் விழுந்தது. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். சாட்சி சொல்பவர் நின்றுதான் சொல்ல வேண்டும், உலகம் படைக்கப்பட்டது என்பதற்கு இது எங்கள் சாட்சி என்றார். எத்தனை ஆண்டு என்பதைப் பாறையிடம் கேட்கிறாராம், ஏழாம் நாள் வேலையை ஏன் நிறுத்த வேண்டும் என்பதை யூத மறைநூலான தோராவிடம். அவர் முகத்தில் இழுபறி எதுவும் தெரியவில்லை.

செங்கதிர்:
மூவருக்கும் நன்றி. இப்போது மறுபடி பார்த்தேன், தமிழில் ‘முதலாம் நாள்’ என்று இருப்பது எபிரேயத்தில் ‘யோம் எஹாத்’, அதாவது ‘ஒரு நாள்’. மற்ற நாட்களுக்கெல்லாம் இரண்டாம், மூன்றாம் என்றே வருகிறது. இதற்கும் ராஷி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

ஏட்டுச்சுவடி:
சொல்லியிருக்கிறார். அன்றைக்கு உலகத்தில் கடவுள் ஒருவரே இருந்தார், தேவதூதர்கள் இரண்டாம் நாள்தான் படைக்கப்பட்டார்கள், அதனால் ‘ஒருவரின் நாள்’.