சிங்கப்பூருக்காக ஓடியவர்கள், நீந்தியவர்கள், பளு தூக்கியவர்கள்: நீங்கள் பார்த்த அந்த நாளைச் சொல்லுங்கள்

தோ பாயோ அக்கா

நானே ஆரம்பிக்கிறேன்.

2015 ஜூன் 10, தென்கிழக்காசிய விளையாட்டுகள் இங்கே நடந்த வருஷம். கல்லாங்கில் புதிதாகக் கட்டிய தேசிய விளையாட்டரங்கத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். முழங்கால் வலிக்காரர். என் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறி வந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய அரங்கத்துல கூரையே கிடையாதுடி, மர பெஞ்சுதான்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

பெண்கள் 200 மீட்டர் இறுதி ஓட்டம். சாந்தி பெரேராவுக்கு அப்போது 18 வயதுதான். வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்ததும் அரங்கமே எழுந்துவிட்டது. முன்னால் இருப்பவர்களின் தலை மறைத்ததால் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஜெயித்துவிட்டார் என்று புரிந்தது. 23.60 விநாடி, தேசியச் சாதனை. திரும்பிப் பார்த்தால் அம்மாவும் நிற்கிறார், முழங்காலைப் பற்றிய நினைப்பே இல்லாமல். கண்ணில் தண்ணீர்.

அன்று ராத்திரி எம்ஆர்டி ரயிலில் வரும்போதுதான் சொன்னார். 1973ல் இதே கல்லாங்கில், அப்போது திறந்து சில வாரங்களே ஆகியிருந்த பழைய அரங்கத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனார்களாம். அம்மாவுக்குப் பதினாறு வயது. இதே 200 மீட்டர். குளோரி பர்னபாஸும் பர்மாவின் தான் தானும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டதுபோல் இருந்ததாம். யார் முதல் என்று தெரியாமல் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, படத்தைப் பார்த்துத்தான் குளோரிக்குத் தங்கம் என்று அறிவித்தார்கள். அவர் ஒரு பள்ளி ஆசிரியை. "டீச்சரம்மா ஒருத்தி ஜெயிச்சாங்கன்னதும் எங்க டீச்சருங்களும் எங்களோட சேர்ந்து கத்துனாங்க" என்றார் அம்மா.

இரண்டு தங்கத்துக்கும் நடுவில் 42 வருஷம். இரண்டையும் அம்மா நேரில் பார்த்திருக்கிறார், அதுவரை என்னிடம் வாயே திறந்ததில்லை. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

---

ஈசூன் 8

2016 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை காலை. புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் பரோட்டா வாங்க நின்றிருந்தேன். ஒன்பது மணி தாண்டியிருக்கும். கடையில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் ரியோ ஒலிம்பிக் நேரலை. நம் ஜோசப் ஸ்கூலிங் நீந்தப் போகிறார் என்றதும் சீனப் பெரியவர்கள், மலாய்க்காரக் குடும்பம் ஒன்று, பங்ளாதேஷ் ஊழியர்கள் இரண்டு பேர் எல்லாரும் திரைக்குக் கீழே வந்துவிட்டார்கள். பரோட்டா போடும் அண்ணன் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார்.

வண்ணத்துப்பூச்சி பாணி 100 மீட்டர். ஐம்பது விநாடி சமாச்சாரம். திரும்பும்போதே முன்னால் இருந்தார். 50.39, ஒலிம்பிக் சாதனை. பின்னாலேயே ஃபெல்ப்ஸ், லே க்ளோ, செ மூன்று பேரும் அச்சாக ஒரே நேரம், 51.14. மூவருக்கும் வெள்ளி.

அதற்கப்புறம் கொடி ஏறியது. 'மஜுலா சிங்கப்பூரா' ஒலிம்பிக் மேடையில் ஒலித்தது அதுதான் முதல் தடவை. யாரும் சொல்லாமலே காப்பிக்கடையில் எல்லாரும் நேராக நின்றோம். பக்கத்தில் நின்ற பெரியவர் வாய்விட்டுப் பாடினார். நானும் பாடினேன். பள்ளியில் தினமும் காலையில் தூக்கக் கலக்கத்தோடு பாடிய பாட்டு, அன்று தொண்டையை அடைத்தது.

1960க்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதானே?

---

பழைய மேசைப்பந்து ஆட்டக்காரன்

ஈசூன் தம்பி, முதல் தங்கம் அது. முதல் பதக்கம் இல்லை. 2008 பெய்ஜிங்கில் பெண்கள் மேசைப்பந்துக் குழு வெள்ளி வாங்கியது: லி ஜியாவெய், ஃபெங் தியன்வெய், வாங் யுவெகு. அரையிறுதியில் தென்கொரியாவை 3-2 என்று ஜெயித்த ஆட்டத்தை நான் சமூக மன்றத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வெற்றியோடு 48 வருஷக் காத்திருப்பு முடிந்தது. லண்டனில், 2012ல், ஃபெங் ஒற்றையர் பிரிவில் வெண்கலம் வாங்கினார், குழுவுக்கும் வெண்கலம் கிடைத்தது.

இதை நீங்கள் மறந்தது உங்கள் தவறு இல்லை. அந்தப் பதக்கங்களைப் பலர் எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை. சீனாவில் பிறந்து இங்கே வந்தவர்கள் என்பதுதான் காரணம். எங்கள் சமூக மன்றத்திலேயே அன்று ஒருவர், "இது நம்ம பதக்கமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அது இன்றும் வலிக்கிறது. 1960ல் ரோமில் நமக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த டான் ஹாவ் லியாங் எங்கே பிறந்தார்? சீனாவின் சுவாத்தோவில், 1933ல். சின்ன வயதில் இங்கே வந்தவர். நம் தாத்தாக்களில் முக்கால்வாசிப் பேர் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான்.

டானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இளையவர்களுக்குத் தெரிவதில்லை. எடை குறைந்த பிரிவுகளில் ஒன்றான லைட்வெயிட்டில் பளு தூக்கியவர். 1958ல் ஆசிய விளையாட்டுகளிலும் காமன்வெல்த் விளையாட்டுகளிலும் தங்கம். ரோமில் கடைசித் தூக்கலுக்கு முன் காலில் தாங்க முடியாத வலி. மருத்துவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போகாமல் வந்து தூக்கினார். மொத்தம் 380 கிலோ, வெள்ளி. சிங்கப்பூர் அப்போது தனி நாடுகூட இல்லை, தன்னாட்சி மட்டும் பெற்றிருந்த ஊர். அவருக்காக ஏற்றிய கொடிக்கு வயது ஒன்றுகூட நிரம்பவில்லை. பின்னாளில் உடற்பயிற்சிக் கூடத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். 2024 டிசம்பரில், 91 வயதில் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்று நான் வேறு வேலையே பார்க்கவில்லை.

---

ஈசூன் 8

திருத்தியதற்கு நன்றி அண்ணே. அம்மாவிடம் கேட்டேன், 2008 ஆட்டத்தை அவர் பார்த்திருக்கிறார். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒருவராகப் போன உயரந்தாண்டுதல் வீரர் லாய்டு வால்பெர்க், ஸ்கூலிங்குக்குத் தாத்தா முறை உறவு.

---

செம்பவாங் ஆசிரியர் (ஓய்வு)

நான் பிறந்தது ஜொகூரில், ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். அப்பா பால்மரம் வெட்டினார். சித்தப்பா சிங்கப்பூருக்கு வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இடையில் இருந்தது ஜொகூர்ப் பாலம் மட்டும்தான். மாதம் ஒரு தடவை சித்தப்பா பாலத்தைத் தாண்டிப் பேருந்தில் வருவார், கையில் பிஸ்கட் தகரத்தோடு.

1964 தோக்கியோ ஒலிம்பிக் நேரத்தில் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்திருந்தது. 4x100 அஞ்சல் ஓட்டத்தில் மலேசியாவுக்காக ஓடிய நால்வரில் இருவர் தமிழர்: மணி ஜெகதீசன், கனகசபை குணாளன். ஒருவருக்கு ஒருவர் கோல் மாற்றி ஓடிய அணி அது. ஜெகதீசன் மருத்துவம் படித்தவர். குணாளன் பள்ளி ஆசிரியர். அவர் முதலில் காற்பந்துதான் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய வேகத்தைக் கண்டுபிடித்து ஓட்டப் பாதைக்கு அழைத்து வந்தவர் பயிற்சியாளர் டான் எங் யூன். அப்போதே அவருக்கு இருபத்தொரு வயது. இன்றைய கணக்கில் அது மிகவும் தாமதம்.

மறுவருடம் ஆகஸ்ட் 9ஆம் தேதி இரண்டு நாடுகளாகிவிட்டது. அப்பா ஒரு நாடு, சித்தப்பா ஒரு நாடு. சிறுவனான எனக்கு அது புரியவே இல்லை. புரிய வைத்தது 1966 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டுகள்.

ஆண்கள் 100 மீட்டர் இறுதி. ஜெகதீசன் மலேசியாவுக்கு, குணாளன் சிங்கப்பூருக்கு. அந்த வாரம் சித்தப்பா எங்கள் வீட்டில் இருந்தார். லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் வானொலி. வாசலில் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தோம். இருவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டார்கள் என்றும், படத்தைப் பார்த்து முடிவு சொல்வார்கள் என்றும் செய்தி வந்தது. கடைசியில் தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு. நெஞ்சு எவ்வளவு முந்தியது என்பதில் தீர்ந்த ஓட்டம்.

அப்பா கை தட்டினார். சித்தப்பா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே சொன்னார்: "ரெண்டு பேரும் நம்ம பிள்ளைங்கதானேடா." சித்தப்பா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "இல்லண்ணே. எங்க பையன் ரெண்டாவது வந்துட்டான்." 'எங்க' என்று அவர் சொன்ன அந்த நொடியில்தான் சிங்கப்பூர் ஒரு நாடு என்று எனக்குப் பட்டது. சுதந்திரம் கிடைத்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

1968ல் மெக்சிகோவில் இருவரும் மறுபடி ஓடினார்கள். ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதியில் 20.92. அது 2017 வரை மலேசியச் சாதனையாக நின்றது. குணாளன் 100 மீட்டரில் 10.38. அந்தக் கணக்கு 33 ஆண்டுகள் அசையவில்லை. 2001ல் கோலாலம்பூரில் யு.கே. ஷ்யாம் 10.37 ஓடினார். 33 ஆண்டுகளுக்கு நூறில் ஒரு விநாடி! நான் அப்போது இங்கே ஆசிரியராகி வெகு காலம் ஆகியிருந்தது. மறுநாள் கணித வகுப்பில் இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, வித்தியாசம் என்ன என்று மாணவர்களைக் கேட்டேன். ஒரு பையன் உடனே விடை சொன்னான். இதற்கு எத்தனை வருடம் ஆனது தெரியுமா என்று கேட்டதும் வகுப்பு அமைதியானது.

சித்தப்பா அதைக் கேட்க இல்லை. 1999ல் போய்விட்டார்.

---

தோ பாயோ அக்கா

ஆசிரியர் ஐயா, 'எங்க பையன்' என்ற வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

---

பொங்கோல் அம்மா

எல்லாரும் ஓட்டம், நீச்சல் என்று எழுதுகிறீர்கள். யிப் பின் சியூவை யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். யாரும் சொல்லாததால் நானே எழுதுகிறேன்.

என் மகளுக்குத் தசை பலவீனமாகிக்கொண்டே போகும் நோய். ஒன்பது வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். நடக்க முடியாமல் போன வருஷம் வீட்டில் யாரோடும் பேச மாட்டாள். தண்ணீரில் பயிற்சி கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். நீச்சல் குளத்துக்குப் போனால் நாற்காலியை விட்டு இறங்கவே மறுப்பாள், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று.

ஒரு நாள் மாலை பக்கத்துத் தடத்தில் ஒருவர் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தார். கால்கள் வேலை செய்யவில்லை, முழுக்கத் தோளாலும் கையாலும்தான். குளத்தின் ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலி. மகள் அந்த நாற்காலியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். அது யிப் பின் சியூ என்று பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். நாங்கள் போய்ப் பேசவில்லை, பயிற்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு என் மகள் தானாகவே, "என்னை இறக்கி விடும்மா" என்றாள்.

2008 பெய்ஜிங் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் மல்லாந்து நீந்தும் 50 மீட்டரில் அவர் தங்கம் வாங்கினார். ஈசூன் தம்பி எழுதிய 2016 காலைக்கு எட்டு வருஷம் முன்பே. பாரிஸோடு சேர்த்து இப்போது ஏழு தங்கம். அந்த 2008ல் ஒலிம்பிக் தங்கத்துக்கு அறிவித்த பரிசுத்தொகைக்கும் இவர்களுக்கு அறிவித்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி. பொதுமக்கள் கேள்வி கேட்ட பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். நாட்டின் விளையாட்டு வரலாறு எழுதும்போது இந்தப் பிள்ளைகளைத் தனி அத்தியாயமாகக் கடைசியில் ஒட்டாதீர்கள். வரிசையிலேயே வையுங்கள்.

---

பழைய மேசைப்பந்து ஆட்டக்காரன்

அம்மா, நீங்கள் சொன்னது சரி. 48 வருஷம் என்று எண்ணிய நானே 2008ல் நடந்த அந்தத் தங்கத்தை எண்ணவில்லை. மன்னியுங்கள். மகள் இப்போதும் நீந்துகிறாளா?

---

பொங்கோல் அம்மா

வாரம் இரண்டு நாள். இப்போது பதினேழு வயது.

---

2010 தொண்டூழியர்

சின்னதாக ஒன்று. 2010 ஆகஸ்டில் உலகின் முதல் இளையர் ஒலிம்பிக் இங்கே நடந்தபோது, விளையாட்டாளர்கள் தங்கியிருந்த நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொண்டு செய்தேன். இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிள்ளைகள். பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த குழுவை உணவுக் கூடத்துக்கு வழிகாட்டிக் கூட்டிப் போனேன். மொத்தமே ஒரு மேசைக்குள் அடங்கும் ஆட்கள். அதில் ஒரு பெண் ஜன்னல் வழியே கட்டடங்களைப் பார்த்துவிட்டு, உங்கள் நாடு எவ்வளவு பெரியது என்று வியந்தாள். வாழ்நாள் முழுக்க 'சின்னஞ்சிறு நாடு' என்று கேட்டே வளர்ந்தவன் நான். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. அவள் ஓடிய தகுதிச் சுற்றுக்குப் போய்க் கை தட்டினேன். கடைசியாக வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. அவளுடைய சொந்தச் சாதனை நேரமாம்.

---

தோ பாயோ அக்கா

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். சாந்திக்கு 2015க்குப் பிறகு நல்ல காலம் உடனே வரவில்லை. காயங்கள், கைவிட்டுப் போன உதவித்தொகை என்று பல வருஷம் பின்தங்கியிருந்தார். 2023 அக்டோபர் 2, ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகள். அம்மாவும் நானும் வீட்டுக் கூடத்தில். அன்று அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை, தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே நின்றார். 200 மீட்டரில் 23.03, தங்கம். அதற்கு முன் ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் நமக்குத் தங்கம் வாங்கியவர் 1974ல் தெஹ்ரானில் 400 மீட்டர் ஓடிய சீ சுவீ லீ. 49 வருஷம். "அந்தப் பொண்ணையும் எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. பள்ளிக்கூட நாளில் செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தாராம். வீடு மாறியபோது நோட்டு தொலைந்துவிட்டது.

2029ல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் மறுபடி இங்கே வருகின்றன. அம்மாவுக்கு அப்போது 72 வயது. நுழைவுச்சீட்டு எப்போது விற்பார்கள் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். படி ஏறாத வரிசையில் இடம் வேண்டுமாம், ஆனால் 200 மீட்டர் முடியும் கோட்டுக்கு நேராக.