புது நிசான் இசட்: 400 ஹெச்பிக்கு வாங்கலாமா, பழைய சேஸிஸுக்கு விட்டுவிடலாமா?

ஈசிஆர் பறவை (புதுச்சேரி):
பட்டறைக்காரன் அண்ணன் வேறொரு திரியில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "புது இசட் என்பது பழைய 370இசட்தான், பெயின்ட் மாற்றி விற்கிறார்கள், காசுக்குக் கேடு" என்கிறார். 370இசட்டில் 3.7 லிட்டர் இன்ஜின், 332 ஹெச்பி. புதியதில் 3 லிட்டர் ட்வின் டர்போ, 400 ஹெச்பி. 2022இல் அமெரிக்காவில் ஆரம்ப விலை சுமார் 40,000 டாலர். ஆறு சிலிண்டர் டொயோட்டா சுப்ரா வேண்டுமென்றால் அப்போது 50,000ஐத் தாண்ட வேண்டியிருந்தது. இதில் கேடு எங்கே இருக்கிறது?

பட்டறைக்காரன் (கடலூர்):
கேட்டதால் சொல்கிறேன் தம்பி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் வீல்பேஸ். 370இசட் வீல்பேஸ் 2550 மிமீ. புது இசட் வீல்பேஸ் 2550 மிமீ. ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. 370இசட் வெளியே தெரிந்தது 2008 கடைசியில். அந்த பிளாட்பார்மின், அதாவது அடித்தளத்தின், பூர்வீகம் 2001 நிசான் ஸ்கைலைன். பழைய அஸ்திவாரத்தில் மாடி எழுப்பிவிட்டுப் புது வீட்டு விலை கேட்கிறார்கள்.

ஈசிஆர் பறவை:
370இசட்டுக்கு முன்னால் வந்த 350இசட் வீல்பேஸ் 2650. 370இசட்டுக்கு வரும்போதே 100 மிமீ வெட்டினார்கள். அப்போ 2001 கதை எங்கே நிற்கிறது? புதியதில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போய் எலக்ட்ரிக் வந்திருக்கிறது. முன் சஸ்பென்ஷன் கோணங்களை மாற்றியிருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் 7 கியர் 9 ஆகியிருக்கிறது. பெயின்ட் அடித்தால் கியர் கூடுமா அண்ணே?

பட்டறைக்காரன்:
2550ஆ, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சில்வர் பீச் 05:
ஒன்றை இருவருமே விட்டுவிட்டீர்கள். அந்த வண்டியில் இன்னும் கையால் இழுக்கிற ஹேண்ட்பிரேக் இருக்கிறது, மேனுவல் கியரும் உண்டு. நான் காசு கொடுத்தால் அதற்குத்தான் கொடுப்பேன். இப்போது வருகிற வண்டிகளில் ஒரு பட்டனை வைத்து முடித்துவிடுகிறார்கள்.

பட்டறைக்காரன்:
அந்த ஹேண்ட்பிரேக்தான் சாட்சி! பழைய பிளாட்பார்மில் இருந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். நன்றி தம்பி, என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள்.

ஈசிஆர் பறவை:
2024 ஃபோர்டு மஸ்டாங்கும் 2015 மஸ்டாங்கின் அடித்தளத்தில்தான் நிற்கிறது. அதை நீங்களே போன மாதம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினீர்கள். நான் மறக்கவில்லை.

பட்டறைக்காரன்:
மஸ்டாங் ஜிடியில் 5 லிட்டர் வி8, 480 ஹெச்பி. 2024 மாடலின் ஆரம்ப விலை 40,000 டாலருக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. பழைய அடித்தளம் என்றால் இப்படி அள்ளிக் கொடுக்க வேண்டும். இசட் என்ன கொடுக்கிறது? 2550.

கெடிலம் கரை:
புது இசட்டை இந்தியாவில் விற்கவே இல்லை. இறக்குமதி வரி கட்டினால் விலை இரண்டு மடங்கைத் தாண்டும். கொண்டு வந்து எங்கே ஓட்டுவீர்கள்? பாண்டி-கடலூர் ரோட்டில் கன்னியக்கோயில் தாண்டி ரெட்டிச்சாவடி வருவதற்குள் ஏதாவது ஒரு ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு உரசும். ஆனால் பாண்டிக்காரர்களுக்கு என்ன கவலை, புதுச்சேரிப் பதிவு, பிஒய் நம்பர், சாலை வரி குறைவு.

ஈசிஆர் பறவை:
வரி குறைவு என்று பொய் முகவரி கொடுத்து இங்கே பதிவு செய்தவர்கள் வெளியூர்க்காரர்கள். 2017இல் கேரளத்தில் அது வழக்காகவே ஆனது. பிறந்து வளர்ந்த எங்களை ஏன் இழுக்கிறீர்கள்?

கெடிலம் கரை:
உங்களைச் சொல்லவில்லை. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நிற்கிற பிஒய் வண்டிகள் எல்லாம் பாண்டிக்காரர்களுடையது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பட்டறைக்காரன்:
வரியை விடுங்கள். இருபத்தைந்து வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறேன். மேலே இருப்பதைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். வீல்பேஸ் மாறாவிட்டால் வண்டி மாறவில்லை.

சில்வர் பீச் 05:
இன்ஜின் மாறினாலுமா?

பட்டறைக்காரன்:
இன்ஜின் மாறினாலும்.

ஈசிஆர் பறவை:
சரி, ஸ்டீயரிங்குக்கு இன்னும் ஒரு வார்த்தை பதில் வரவில்லை. அதற்குத் தனித் திரி போடுகிறேன், அங்கே வாருங்கள்.

பட்டறைக்காரன்:
வருகிறேன். வீல்பேஸ் அளக்கிற டேப்பையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.