புஷ்பக் விமானமும் முற்பகல் கடல்காற்றும்

எங்கள் வீடு பாறசாலையில். எழுபதுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்தேன். கழகத்தில் இருந்தவை புஷ்பக் விமானங்கள். பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் தயாரிப்பு, 1958-ல் முதலில் பறந்தது, 90 குதிரைத்திறன் எஞ்சின், அருகருகே இரண்டு இருக்கை. முன்னால் இரண்டு சக்கரம், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம்.

இந்த அமைப்பில் விமானத்தின் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது மூக்கு கொஞ்சம் திரும்பினாலும், பின்னாலிருக்கும் பளு நேரே போகப் பார்த்து அந்தத் திருப்பத்தைப் பெரிதாக்கிவிடும். மூக்கடியில் சக்கரம் உள்ள விமானத்தில் இது தலைகீழ். பளு முன்னால் இருப்பதால் தானே நேராகிவிடும்.

எல்லோரும் பயப்படுவது சக்கரம் தரையைத் தொடும் நொடிக்கு. எனக்குப் பயம் அதற்கடுத்த சில நொடிகளில்தான். வேகம் குறையக் குறைய, காலால் மிதித்துத் திருப்பும் வால் துடுப்பான ரட்டருக்குக் காற்றின் பிடி போய்விடும். வால் சக்கரத்தின் பிடியை மட்டும் நம்பினால் போதாது. பக்கக்காற்று வாலைத் தள்ளுவது அந்த நேரத்தில்தான்.

திருவனந்தபுரம் ஓடுதளம் 14/32, கடற்கரையை ஒட்டி. 32-ல், அதாவது வடமேற்கைப் பார்த்து, இறங்கினால் கடல் இடது கைப்பக்கம். விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறியதும் கடல்காற்று இடப்பக்கமிருந்து அடிக்க ஆரம்பிக்கும். தனியாகப் பறக்கும் பையன்களை அதற்குள் இறக்கிவிட எங்கள் பயிற்றுநர் பாடாய்ப் படுவார்.

அன்று ஒரு நாகர்கோவில் பையன் கிளம்பவே நேரமாகிவிட்டது. இறங்கியது அழகாகத்தான், மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன. அப்புறம் மூக்கு மெல்ல இடப்பக்கம், காற்றைப் பார்த்துத் திரும்பியது. சரி, நேராக்கிவிடுவான் என்று நினைப்பதற்குள் வால் வலப்பக்கம் சுழன்று, வலது இறக்கை நுனி தரையை உரசி, வலது சக்கரக் கால் உள்ளே மடங்கிவிட்டது. புரொப்பெல்லரும் தரையில் பட்டு நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. "அண்ணே, நல்லாத்தானே எறங்குனேன்?" என்றான்.

"நல்லாத்தான் எறங்குன தம்பி. ஆனா வண்டி நிக்கிற வரைக்கும் ரட்டர்ல கால் இருக்கணும்" என்றேன். அந்த நேரத்தில் அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் காலையிலேயே பயிற்றுநர் அவனை இன்னொரு புஷ்பக்கில் ஏற்றி, பக்கத்தில் தானும் உட்கார்ந்து பறந்தார். நல்ல காரியம் செய்தார். நாள் தள்ளியிருந்தால் பயம் ஊறிப்போயிருக்கும்.

மடங்கிய காலும் கிழிந்த இறக்கையும் கண்ணுக்குத் தெரியும் சேதம், சரிசெய்துவிடலாம். சுற்றிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் தரையில் பட்டால் அந்த அடி எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வரை போகும். விரிசல் விட்டிருந்தாலும் வெளியே தெரியாது. அதனால் எஞ்சினை முழுக்கப் பிரித்தோம். விரிசல் இல்லை. ஆனாலும் அதை வீண் செலவு என்று சொன்னவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அதே எஞ்சினை நம்பித்தானே அடுத்த பையன் தனியாகக் கடல் மேலே போகப்போகிறான்?