சைல்ட்ஸின் மூச்சு: இனியாவது இந்தக் கதையை விடுங்கள்

கடைசிவரிசை:
பனிமுகாமில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நகலெடுக்கும் வேற்றுலக உயிரின் கதையான ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) படம் பற்றி நேற்று பனித்துளி இங்கே எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. முகாம் எரிந்தபின் மக்ரெடியும் சைல்ட்ஸும் பனியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் கடைசிக் காட்சியில் மக்ரெடியின் வாயிலிருந்து ஆவி வருகிறதாம், சைல்ட்ஸுக்கு வரவில்லையாம். அதனால் சைல்ட்ஸ் வேற்றுலக உயிரின் நகல், வழக்கு முடிந்தது என்கிறார். தவறு. சைல்ட்ஸுக்கும் ஆவி வருகிறது. மெல்லியதாக, விட்டுவிட்டு வருகிறது. பின்னாலிருந்து ஒளி பட்டால்தான் மூச்சின் ஆவி வெண்மையாக எழுந்து தெரியும். இருவர் முகத்திலும் வெளிச்சம் ஒரே கோணத்தில் விழவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

பனித்துளி:
எட்டு முறை பார்த்திருக்கிறேன் ஐயா. மக்ரெடி வாயைத் திறந்தாலே புகைபோக்கி போல ஆவி கிளம்புகிறது. சைல்ட்ஸுக்கு அப்படி இல்லை. கண்ணால் கண்டதை எழுதினேன். ஒளி, கோணம் என்ற வகுப்பெல்லாம் உங்கள் மாணவர்களுக்கு எடுங்கள்.

கடைசிவரிசை:
"அப்படி இல்லை" என்பது வேறு, "வரவில்லை" என்பது வேறு. நேற்று நீங்கள் எழுதியது இரண்டாவது. சரி, பென்னிங்ஸை மறந்துவிட்டீர்களா? கைகள் இன்னும் முழுதாக மாறாத நிலையில் பனியில் மண்டியிட்டு, சுற்றி நிற்பவர்களைப் பார்த்து வாயைப் பிளந்து ஊளையிடுகிறானே? அங்கே ஆவி வருகிறது. அவன் நகல் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நகலுக்கும் ஆவி வரும் என்றால் ஆவியை வைத்து யாரை என்ன தீர்ப்பது? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேகலை:
இதற்கெல்லாம் மூலம் 1951-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரித்து, கிறிஸ்டியன் நைபி பெயரில் வந்த படம். கருப்பு வெள்ளையில், கதவைத் திறந்ததும் எதிரே அது நிற்கிறதே, அந்த ஒரு நொடிக்கு ஈடாக இந்தச் சதைக்கூழ்க் காட்சிகளில் ஒன்றும் இல்லை.

கடைசிவரிசை:
அம்மா, மூலம் அந்தப் படம் அல்ல. 1938-இல் ஜான் கேம்பல் எழுதிய குறுநாவல். பக்கத்தில் இருப்பவனே அதுவாக இருக்கலாம் என்ற பயம் அந்தக் கதையில் இருக்கிறது. 1951 படம் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, நடக்கும் ஒரு தாவர மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியது. கார்பென்டர்தான் அந்தப் பயத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அதிருக்கட்டும், பென்னிங்ஸ்?

மேகலை:
அதே கார்பென்டர் 1978-இல் எடுத்த 'ஹாலோவீன்' படத்தில், தொலைக்காட்சியில் ஓடுவது எந்தப் படம் என்று போய்ப் பாருங்கள். அவருக்கு இருந்த மரியாதை அவருடைய ரசிகர்களுக்கு இல்லை.

நூல்பித்தன்:
ஒரு சந்தேகம். 'நகல்' என்று எதைச் சொல்கிறோம்? தான் நகல் என்பது நகலுக்குத் தெரியுமா? முகாம் தலைவன் கேரி பொறுப்பைக் கொடுக்க முன்வரும்போது, பிறகு நகல் என்று தெரியவரும் நாரிஸ் வேண்டாம் என்று ஒதுங்குகிறான். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். தெரிந்தே நடித்தானா, தெரியாமலே இருந்தானா? இதை முடிவு செய்யாமல் சைல்ட்ஸைப் பற்றி எப்படிப் பேசுவது?

பனித்துளி:
கடைசிவரிசை எப்போதும் இப்படித்தான். போன மாதம் டான் சீகலின் 1956 படமான 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' பற்றிப் பேசும்போது, முன்னும் பின்னும் வரும் மருத்துவமனைக் காட்சிகளை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். அவை ஸ்டுடியோ வற்புறுத்திச் சேர்த்தவை என்று நான் சொன்னதற்கு மூன்று நாள் சண்டை போட்டார். இப்போது ஆவிக்கு வந்திருக்கிறார். ஆவி இல்லை.

கடைசிவரிசை:
சேர்த்தவை என்பதை நான் மறுக்கவே இல்லை. நாயகன் கெவின் மெக்கார்த்தி நெடுஞ்சாலையில் வண்டிகளுக்கு நடுவே கத்திக்கொண்டு ஓடுவதோடு படம் முடிந்திருந்தால், வீட்டுக்குப் போகவே பயமாக இருந்திருக்கும் என்றும் சேர்த்தே சொன்னேன். பாதியை மட்டும் எடுத்துக் காட்டாதீர்கள்.

வடதுருவம்:
படம் வந்தபோது சரியாக ஓடவில்லை என்பது உண்மையா? இரண்டு வாரம் முன்னால் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து கூட்டத்தை அள்ளிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கடைசிவரிசை:
உண்மை. 1982 ஜூன் 25, 'பிளேட் ரன்னர்' வெளியான அதே நாள். என்னியோ மோரிகோனியின் இசையை அந்த ஆண்டின் மோசமான இசை என்று ராஸி என்ற கேலி விருதுப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த இரண்டு சுர இதயத்துடிப்பை! இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது பனித்துளிக்கு. ரத்தச் சோதனைக் காட்சியை மறுபடி பாருங்கள். மக்ரெடி கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொருவர் ரத்தமும் இருக்கும் தட்டில் வைக்கிறான். சுர்ரென்று சத்தம் வந்தால் மனிதன். கிளார்க்கின் ரத்தத்திலும் வெறும் சுர்தான். ஆனால் கிளார்க் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறான், சுட்டவன் மக்ரெடி. அப்படியானால் நீ கொலைகாரன் என்று முகத்துக்கு நேரே சொல்பவன் யார்? சைல்ட்ஸ். அதே சோதனையில் சைல்ட்ஸும் தேறுகிறான். தேறியவனை நீங்கள் மூச்சைப் பார்த்துக் கொல்கிறீர்கள். கிளார்க்குக்கு நடந்தது இதுதான்.

பனித்துளி:
கிளார்க் கத்தியோடு பாய்ந்தான், அதனால் சுட்டான். சைல்ட்ஸ் தேறியது பழைய கதை. பிறகு காவல் நின்ற இடத்தை விட்டுவிட்டு எங்கே போனான்? முகாமின் உயிரியலாளன் பிளேரைப் பார்த்ததாகவும் தேடிப்போய்ப் புயலில் வழிதவறியதாகவும் அவன் சொல்கிறான். யார் சாட்சி? மேலங்கியின் நிறம்கூட மாறியிருக்கிறது. ஆவியும் இல்லை.

கடைசிவரிசை:
சாட்சி இல்லைதான். அவன் நகல் என்பதற்கும் இல்லை. இனி மேலங்கிக்குத் தாவ வேண்டாம், ஆவியோடு நில்லுங்கள். முன்பு நானும் உங்களைப் போலத்தான் நம்பியிருந்தேன். வாடகைக் கேசட்டில் பார்த்தபோது சைல்ட்ஸ் பக்கம் முழுக்கக் கரிய இருட்டு. பிறகு நல்ல வீடியோ தட்டு கிடைத்தது. ஒலியை அணைத்துவிட்டு அவன் உதட்டை மட்டும் பார்த்தேன். உதட்டோரம் சாம்பல் நிறத்தில் ஓர் இழை எழும்பிக் கரைகிறது. ஒரு முறை அல்ல.

பனித்துளி:
உங்கள் தட்டு, உங்கள் இழை. என் திரையில் இல்லை.

மேகலை:
1951 படத்தில் பனிக்கடியில் கிடக்கும் கலத்தின் உருவத்தை அளக்க எல்லோரும் கைகளை விரித்துக்கொண்டு அதன் ஓரத்திலேயே நடந்து நிற்பார்கள். பார்த்தால் வட்டம். மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது எங்கே புரியப்போகிறது!

நூல்பித்தன்:
நாரிஸ் பற்றி யாராவது?

பனித்துளி:
நாளை ஒன்பதாவது முறை பார்க்கப்போகிறேன். இல்லாத ஆவி நாளைக்கும் இருக்காது.

கடைசிவரிசை:
பாருங்கள், ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதலில் பென்னிங்ஸ் காட்சியைப் போட்டு, அதற்கு என்ன பதில் என்று எழுதிவிட்டுக் கடைசிக் காட்சிக்குப் போங்கள். மூன்று முறை கேட்டுவிட்டேன்.