வட்டிக் கணக்கைத் தவிர, கணிதம் உங்களுக்கு எதற்காவது உதவியிருக்கிறதா?

எப்சிலான்:
கணிதத்தில் மூன்றாம் ஆண்டு. பள்ளியில் படிக்கும் தம்பி நேற்று என் ரியல் அனாலிசிஸ் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதை வச்சு என்ன பண்ணுவே?" என்றான். "லாஜிக்கா யோசிக்க வரும்" என்று பெருமையாகச் சொன்னேன். அப்போது நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பட்ஜெட், வட்டி என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்குப் பள்ளிக் கணக்கே போதும். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:
என்னுடையது ஜெராக்ஸ் மெஷின் கதை. ஏ3 தாளில் வரைந்த படத்தை ஏ4க்குச் சுருக்க வேண்டும். ஏ3இல் பாதிதானே ஏ4 என்று 50 சதவீதம் அடித்தேன். பாதித் தாள் காலியாக வந்தது. மறுபடியும் அடித்தேன் (மெஷின் மேல்தான் சந்தேகம்), அதேதான். அப்புறம்தான் உறைத்தது: நீளமும் பாதி, அகலமும் பாதி என்றால் பரப்பு கால்தானே! பரப்பு பாதியாக, பக்கத்தை √2ஆல் வகுக்க வேண்டும். அதாவது சுமார் 71 சதவீதம். மெஷினில் 71 என்று ஒரு பட்டனே இருந்தது. அதை யாரோ குத்துமதிப்பாக வைத்த எண் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சராசரி:
நான் புள்ளியியல். வீட்டில் ஒருவருக்கு வழக்கமான பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தது. 99 சதவீதம் சரியான டெஸ்ட் என்றதும் எல்லோர் முகமும் செத்துவிட்டது. நான் ஒரு தாளை எடுத்தேன். ஆயிரம் பேரில் ஒருவருக்கு அந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 999 பேரில் 1 சதவீதம், அதாவது சுமார் பத்துப் பேருக்கு, நோயில்லாமலே பாசிட்டிவ் வரும். ஆக, பாசிட்டிவ் வந்த பதினொரு பேரில் நிஜ நோயாளி ஒருவர்தான். அறிகுறி இருப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதையும் சொன்னேன். இரண்டாவது டெஸ்ட் வரும்வரை அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. இந்தக் கணக்குக்கு அடிப்படையான பேயிஸ் தேற்றத்தைப் பரீட்சையில் தப்பாக எழுதியவன் நான், அது வேறு கதை.

லாப்லாஸ்_தப்பித்தவன்:
எனக்கு ஒன்றும் உதவவில்லை. லாப்லாஸ் உருமாற்றத்தைக் கையால் போட்டதெல்லாம் பரீட்சையோடு சரி. ஆனாலும் 'பயனில்லை' என்று அடித்துச் சொல்ல பயம். முழு எண்களை ஆராயும் எண் கோட்பாட்டுக்குப் போரில் எந்தப் பயனும் இல்லை என்று 1940இல் கணிதவியலாளர் ஹார்டி நிம்மதியாக எழுதினார். 1977இல் பகா எண்களை வைத்தே, செய்திகளை ரகசியமாகப் பூட்டும் ஆர்எஸ்ஏ மறைகுறியாக்கம் வந்துவிட்டது.

எப்சிலான்:
கடைசிபெஞ்ச், உங்கள் கதையைத் தம்பியிடம் சொன்னேன். நம்பாமல் ஸ்கேலை எடுத்து ஏ4 தாளை அளந்தான்: 29.7, 21. வகுத்தால் 1.414. தாளைக் குறுக்கே மடித்தான், 21, 14.85, மறுபடியும் 1.414. "ஏன் மாறல?" என்றான். முழுத்தாளில் x-க்கு 1 என்றால் பாதித் தாளில் 1-க்கு x/2, இரண்டும் ஒன்றானால் x² = 2 என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டிவிட்டுத் தன் பள்ளி நோட்டையும் அளந்தான். அதில் √2 வரவில்லை. இப்போது வீட்டில் உள்ள செவ்வகங்களையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறான், என் ஸ்கேலும் அவனிடம்தான்.