கோர்சிகா நியூட்டின் சிறுநீர்ப்பைப் புழு யாருக்குச் சாட்சி?

ஓடைக்கல்:
மத்தியதரைக் கடலிலுள்ள கோர்சிகா தீவின் மலையோடைகளில் மட்டும் வாழும் நியூட் (பல்லி போன்ற உருவமுள்ள, வாலுள்ள இருவாழ்வி), யூப்ரொக்டஸ் மொன்டானஸ். அதன் சிறுநீர்ப்பையில் ஒரு தட்டைப்புழு குடியிருக்கிறது. பெயர் யூசெட்ரீமா. 1965-ல் பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் குளோட் கோம்ப் விவரித்தது. இதே பேரினத்தின் இன்னொரு புழு காக்கசஸ் சாலமாண்டரிடம் (இதுவும் வாலுள்ள இருவாழ்விதான்) இருக்கிறது! நடுவே இத்தாலி, பால்கன், துருக்கி எல்லாம் கிடக்கின்றன. ஆகவே இது மிகப் பழைய உறவு. கோர்சிகா-சார்டினியா நிலத்துண்டு சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தென் ஐரோப்பியக் கரையிலிருந்து பிய்ந்து நகரத் தொடங்கியபோதே நியூட் அதில் இருந்தது, புழுவும் கூடவே வந்தது என்கிறேன்.

செவுள்:
அவசரப்படுகிறீர்கள். காக்கசஸ் ஆள் நியூட்டே இல்லை. அது மெர்டென்சியெல்லா, அதன் நெருங்கிய சொந்தம் போர்ச்சுகல் பக்கத்துக் கியோக்ளோசா. புழு பரம்பரையாக வந்தது என்றால், இடையிலுள்ள அத்தனை கிளைகளிலும் அது அற்றுப்போயிருக்க வேண்டும். ஒருமுறை ஆள் மாறித் தாவியது என்பது இதைவிட எளிய விளக்கம். இரண்டு விருந்தோம்பிகளும் (புழுவுக்கு இடம் தரும் விலங்குகள்) குளிர்ந்த மலையோடையில்தானே கிடக்கின்றன?

ஓடை வாழ்க்கையை நம்பி உறவு சொல்வதும் ஆபத்து. பிரனீஸ் மலை நியூட்டை உடலமைப்பு பார்த்து யூப்ரொக்டஸ் பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. பார்த்த பிறகு 2005-ல் கலோட்ரைட்டன் என்று தனியே பிரித்துவிட்டார்கள்.

ஓடைக்கல்:
அதே டி.என்.ஏ. கணக்குதான் கோர்சிகா, சார்டினியா நியூட்கள் பிரிந்த காலமும் தீவுகள் பிரிந்த காலமும் ஒத்துப்போவதாகச் சொல்கிறது.

செவுள்:
எந்தக் கணக்கு? 1990-களில் ஆய்வாளர் காக்கோனேயின் குழு செய்ததா? அவர்கள் நிலத்துண்டு பிரிந்த தேதியை வைத்துத்தான் மரபணுக் கடிகாரத்துக்கே (டி.என்.ஏ. மாற்றங்களை எண்ணிக் காலம் கணிக்கும் முறை) முள் திருத்தினார்கள். அந்தக் கடிகாரத்தைக் காட்டி நிலத்துண்டை நிரூபித்தால் அது வட்டம் சுற்றுவது.

பழைய வாத்தி:
தம்பிகளா, தேதியை விட்டுப் புழுவின் பிழைப்பைப் பாருங்கள். இந்த வகைப் புழுவுக்கு நத்தை, மீன் என்று இடைத்தரகர் வேண்டாம். நியூட்டிலிருந்து நேராக நியூட்டுக்கு. ஆனால் பாய்கிற ஓடையில் நுண்ணிய குஞ்சு நீந்தி ஆள் பிடிப்பது லேசா? 1979-ல் ஆய்வாளர் ஃபூர்னியேவும் கோம்பும் காட்டியது இதுதான்: ஒரே புழுவில் இரண்டு வகைக் கருக்கள். ஒரு வகைக்கு நுண்மயிர் உண்டு. வெளியேறி நீந்திப் புது நியூட்டைத் தேடும். மற்றதற்கு மயிர் கிடையாது. அதே நியூட்டுக்குள் தங்கிப் பெருகும். வீட்டை விட்டுக் கிளம்பாத ஏற்பாடு வைத்திருக்கும் புழு, கண்டம் தாண்டித் தாவியிருக்குமா? என் ஓட்டு ஓடைக்கல் பக்கம்.

செவுள்:
ஐயா, நீந்துகிற குஞ்சும் இருக்கிறதே! கண்டம் தாண்ட வேண்டியதும் இல்லை. இரு விருந்தோம்பிகளின் முன்னோர் ஒரே ஓடையில் இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை மாறினால் போதும். அங்கேயே தங்கிப் பெருகும் வசதியோ, வந்து சேர்ந்த ஒற்றைப் புழுவுக்குத்தான் இன்னும் லாபம்.

ஓடைக்கல்:
"முன்னோர் ஒரே ஓடையில்" என்றால் பழைய உறவு என்று நீங்களே பாதி ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

செவுள்:
பழையது என்பதை மறுக்கவில்லை, பரம்பரை என்பதைத்தான் மறுக்கிறேன். இரண்டு புழுக்களின் டி.என்.ஏ.வையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அவற்றின் பிரிவு, நியூட்-சாலமாண்டர் கிளைகள் பிரிந்ததற்கு வெகுகாலம் பிந்தியது என்றால் தாவல்தான். சமகாலம் என்றால் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

பழைய வாத்தி:
புழு பிடிக்க ஓடையில் இறங்குபவர்கள் பூட்ஸைக் கிருமிநீக்கம் செய்துவிட்டு இறங்குங்கள். சார்டினியா நியூட்டிடம், இருவாழ்விகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை நோய் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.