மலைக்கிராம நீர்த்தொட்டிகளைக் கண்காணிக்க, குறைந்த செலவில் ஃபைபர் இணைப்பு: ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கீழ்ப்பழனி மலைச்சரிவில் உள்ள எங்கள் கிராமத்துக்குத் தண்ணீர் தரும் ஊற்றுத்தொட்டி, பம்பு அறை, மூன்று மேல்நிலைத் தொட்டிகள் ஆகியவற்றின் நீர்மட்டத்தை ஊரிலிருந்தே பார்ப்பதற்காக, சுமார் ஆறு கிலோமீட்டருக்கு ஃபைபர் கேபிள் இழுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அங்கே கைபேசி சிக்னல் கிடையாது. முன்பு போட்டிருந்த செம்புக் கம்பியிலோ இடி இறங்கி, சென்சார் பலகையின் முனைகள் கருகிவிட்டன. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் எலிக்கு அஞ்சி எஃகு உறையுள்ள கேபிளை வாங்கினால் அந்த நன்மை குறைந்துவிடும் என்பதால், உலோகமே இல்லாத, கண்ணாடி நாரால் வலுவூட்டிய கேபிளையே விரும்புகிறோம்.

1310 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபல்தான் இழப்பு என்பதால் தூரம் ஒரு பொருட்டல்ல. கவலையெல்லாம் மின்சாரத்தைப் பற்றித்தான். ஒளி சிக்னலையும் மின் சிக்னலையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர்களைத் தொட்டிக்குத் தொட்டி சங்கிலியாக இணைத்தால், நடுவில் ஒரு சோலார் பேட்டரி இறங்கினாலும் அதற்கு அப்பாலுள்ள அனைத்தும் நின்றுவிடும். ஓர் இழையின் ஒளியைப் பல கிளைகளாகப் பிரிக்கும், மின்சாரமே வேண்டாத ஸ்ப்ளிட்டரைப் பயன்படுத்தும் ஜிபான் (GPON) முறையில் இந்தத் தொல்லை இல்லை. எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்ப்ளிட்டரில் சுமார் 10 டெசிபல் போனாலும், பி பிளஸ் (B+) வகை ஜிபான் கருவிகள் மொத்தம் 28 டெசிபல் இழப்பு வரை தாங்கும்.

ஐந்தே முனைகளுக்காக ஓஎல்டி (OLT, எல்லா முனைகளையும் இணைக்கும் ஜிபான் மையக் கருவி) வாங்குவது தகுமா, பழைய ஓஎல்டியை நம்பலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் ஓஎன்யு (ONU, ஒவ்வொரு முனையிலும் வைக்கும் ஜிபான் கருவி) எது என்பதும், திண்டுக்கல் பக்கம் இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரம் நாள்வாடகைக்குக் கிடைக்குமா என்பதும் தெரிந்தால், மழைக்காலத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவோம்.